ஒரு மனிதனும் நான்கு பாய்மரங்களும்: அலென் கோலாவின் கடல் வாழ்வு

கடலோடு வாழும் மக்களுக்குக் கடலின் ஆபத்துகளை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருவர் தனித்துச் செல்வதாயின் அவர் ஏறும் கலம் சிறிதாகவே இருக்க வேண்டும் என்பதும், கலம் பெரிதானால் ஆட்களும் பெருக வேண்டும் என்பதும் உலகின் எல்லாக் கரைகளிலும் எழுதாச் சட்டங்களாக வழங்கி வந்தவையாகும். ஆயினும் 1960 களிலும் 1970 களிலும் ஐரோப்பாவில் தோன்றிய ஒரு தலைமுறை இச்சட்டத்தை மீறிப் பார்த்தது. பன்னிரண்டு, பதினான்கு பேர் இயக்க வேண்டிய கலங்களை ஒருவரே இயக்கி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்க முடியும் என அத்தலைமுறையினர் நம்பினர். அவர்களுள் எல்லாரையும் விட அதிக தூரம் துணிந்து சென்றவர் அலென் கோலா என்ற பிரெஞ்சு மாலுமியாவார். 236 அடி நீளமும் நான்கு பாய்மரங்களும் கொண்ட கப்பலொன்றைத் தன்னந்தனியே செலுத்தி அச்சமுத்திரத்தைக் கடந்தவர் அவர்.

பிரான்ஸில் இன்றும் அவரது பெயரை அறியாதவர் குறைவு. அவரது படகின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு 1979 இல் வெளிவந்த பாடலொன்று, கடலையே கண்டிராதவர்களிடமும் அவரது முடிவைக் கொண்டுசென்றது. எமது வாசகர்கள் பலருக்கு அவர் புதியவராக இருக்கலாம். எனினும் அவரது முப்பத்தைந்து வருட வாழ்வு எழுப்பும் கேள்வி எவருக்கும் அந்நியமானதன்று. ஒரு மனிதன் தன் கைகளுக்கு அடங்காத ஒன்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது அதன் ஆபத்தைச் சுமப்பவர் யார் என்பதே அக்கேள்வி.

கோலா கடற்கரையில் பிறந்தவர் அல்லர். பிரான்ஸின் நடுப்பகுதியில் யோன் நதிக்கரையில் உள்ள கிளாமெசி என்ற சிறு நகரில் 1943 செப்டெம்பர் 16 ஆம் திகதி அவர் பிறந்தார். முற்காலத்தில் காடுகளில் வெட்டிய விறகை நதியில் மிதக்கவிட்டுப் பாரிஸ் நகருக்கு அனுப்பிய ஊர் அது. அவரது தந்தை மட்பாண்டத் தொழில் செய்தவர். மகன் கலைத்துறையில் கல்வி கற்றார். 1960 களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவுக்குச் சென்று, சிட்னி பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழி கற்பிக்கும் பணியில் அமர்ந்தார். சிட்னித் துறைமுகத்தின் விரிந்த நீர்ப்பரப்பில்தான் அந்த இளம் ஆசிரியர் முதன்முதலாகப் பாய்ப்படகுகளுடன் நெருங்கிப் பழகினார்.

1967 இன் இறுதியில் சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை நடைபெறும் புகழ்பெற்ற போட்டியில் கலந்துகொள்ள எரிக் தபார்லி அங்கு வந்தார். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான தபார்லி, 1964 இல் அத்திலாந்திக் தனிமாலுமிப் போட்டியில் வென்று தமது நாட்டின் வீரராக மதிக்கப்பட்டவர். அதிகம் பேசாதவர், செயலாலேயே கற்பிப்பவர். கோலா அவரது படகில் ஏறினார். விரிவுரை மண்டபத்தை விட்டு விலகிய அவர் பின்னர் அதற்குத் திரும்பவில்லை. ஒரு குருவின் கீழ் சீடன் தொழில் கற்பதுபோலவே அடுத்த சில வருடங்கள் தபார்லியிடம் அவர் கடற்தொழில் கற்றார் எனலாம்.

இவ்விடத்தில் அத்திலாந்திக் தனிமாலுமிப் போட்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து அமெரிக்கக் கரை வரை, எதிர்க்காற்றையும் வட அத்திலாந்திக்கின் மூடுபனியையும் பனிப்பாறைகளையும் எதிர்கொண்டு ஒவ்வொருவரும் தனியே செல்ல வேண்டிய போட்டி அது. 1960 இல் முதன்முறை நடைபெற்றபோது ஐந்து பேரே பங்குபற்றினர். வென்ற பிரான்சிஸ் சிசெஸ்டரின் படகு ஏறத்தாழ 40 அடி நீளமானது. 1964 இல் தபார்லி வென்ற படகின் நீளம் 44 அடி. 1968 இல் வென்ற பிரித்தானியப் படகு 57 அடி. போட்டிக்குப் போட்டி படகுகள் நீண்டுகொண்டே சென்றன.

இந்த வளர்ச்சி வெறும் ஆடம்பரத்தால் நேர்ந்ததன்று. நீரைக் கிழித்துச் செல்லும் சாதாரண படகொன்றின் வேக எல்லை, அது நீரில் படியும் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நீளம் நான்கு மடங்கானால் வேக எல்லை இரு மடங்காகும். ஆகவே வெல்ல விரும்பியவர் நீளத்தை நாடினார். ஆனால் நீளத்தோடு பாயின் பரப்பும் கயிறுகளின் இழுவிசையும் நங்கூரத்தின் பாரமும் கூடுகின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் பாய்மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகிறது. இவை யாவும் பெருகும்போது பெருகாமல் நிற்பது ஒன்றே. அது அப்படகில் உள்ள மனிதனின் உடல்.

1968 ஆம் ஆண்டுப் போட்டிக்காகத் தபார்லி அலுமினியத்தால் ஆன புதுவகைப் படகொன்றை அமைத்தார். நடுவில் ஒரு நீண்ட உடலும் இருபுறமும் இரண்டு மிதவைகளும் கொண்ட, 68 அடி நீளமான 'பென் டுயிக் 4' என்ற படகு அது. போட்டியின் முதல் இரவிலேயே, தபார்லி உள்ளே சென்றிருந்த சிறு வேளையில், அது சரக்குக் கப்பலொன்றுடன் மோதியது. அவர் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. தனிமாலுமியின் முதற்பெரும் பலவீனத்தை இச்சம்பவம் காட்டிற்று. படகில் ஒருவர் மட்டும் இருக்கையில், அவர் உள்ளே இருக்கும் வேளையில் வெளியே பார்ப்பவர் எவரும் இல்லை.

இந்தப் படகையே 1970 இல் கோலா கடன் பட்டு வாங்கினார். 1972 இல் அதே படகில் தனியே பிளிமத்திலிருந்து புறப்பட்டார். அவ்வருடப் போட்டியில் எல்லோரது கண்களும், '13 ஆம் திகதி வெள்ளிக்கிழமை' என்ற பொருளில் பெயரிடப்பட்ட, 128 அடி நீளமும் மூன்று பாய்மரங்களும் கொண்ட படகின்மீதே இருந்தன. அதனைத் தனியே செலுத்தியவர் ஜான் இவ் தெர்லேன் என்ற மற்றொரு பிரெஞ்சு மாலுமி. ஆயினும் 20 நாட்கள், 13 மணி, 15 நிமிடங்களில் அமெரிக்காவின் நியூபோர்ட் நகரை முதலில் அடைந்தவர் கோலாவே. அந்தப் பெரும்படகு ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் பின்தங்கி வந்தது. பாதி நீளமான படகினால் பெரும்படகை வென்ற கோலா, அந்த வெற்றியிலிருந்து எதிர்மாறான பாடத்தையே பின்னர் கற்றுக்கொண்டார் என்பது அவரது வாழ்வின் விசித்திரங்களுள் ஒன்றாகும்.

பசுபிக் பயணங்களில் தஹிதித் தீவின் பெண்ணொருவரைத் தமது வாழ்க்கைத் துணையாகக் கொண்ட கோலா, தமது படகுக்கும் அம்மக்களின் மொழியில் 'மனுரேவா' என்று பெயரிட்டார். பயணிக்கும் பறவை என்பது அதன் பொருள். 1973 செப்டெம்பரில் பிரான்ஸின் சென் மாலோ துறைமுகத்திலிருந்து புறப்பட்ட மனுரேவா, சிட்னியில் ஒரேயொரு முறை தரித்து, ஹோர்ன் முனையைச் சுற்றி, 1974 மார்ச் 28 ஆம் திகதி அதே துறைமுகத்துக்குத் திரும்பியது. கடலில் கழிந்த நாட்கள் 169. இதே முறையில் 1966 - 67 இல் உலகைச் சுற்றிய சிசெஸ்டருக்கு 226 நாட்கள் பிடித்திருந்தன. பல உடல்கள் கொண்ட படகில் தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்ற பெருமையும் கோலாவுக்குக் கிட்டியது. தென் சமுத்திரங்களின் மலைபோன்ற அலைகளில் இத்தகைய படகு கவிழ்ந்தே தீரும் என்று எச்சரித்த அனுபவசாலிகள் பலரை அவர் தமது வருகையால் வாயடைக்கச் செய்தார்.

அப்போது அவருக்கு முப்பது வயது. பேச்சுவன்மை மிக்கவர், பத்திரிகைகளும் வானொலியும் அவரை நாடி வந்தன. தபார்லி மௌனத்தால் பெற்ற மதிப்பை, அவரது சீடர் சொல்லாற்றலால் பெற்றார்.

1975 மே மாதம் அவரது வாழ்வு திசைமாறியது. பிரித்தானி பிரதேசத்தின் லா திரினித்தே சுர் மேர் துறைமுகத்தில் மனுரேவாவுக்கு நங்கூரமிடும்போது, நங்கூரத்தோடு விரைந்து ஓடிய வடம் அவரது வலது காலைச் சுற்றிக்கொண்டது. பாதம் கணுக்காலிலிருந்து ஏறக்குறைய துண்டாடப்பட்டது. பெருங்கடல்களில் எதுவும் செய்ய முடியாத மனிதனைக் கரையருகே, அமைதியான நீரில், ஒரு நங்கூரம் வீழ்த்தியது. கடலறிந்தோர் இதில் வியப்படையமாட்டார்கள். பெரிய கலமொன்றைத் தனியே கையாள்பவருக்குத் துறைமுகமே மிக ஆபத்தான இடமாகும். நடுக்கடலில் தவறைத் திருத்த வெளியுண்டு, துறைமுகத்தில் இல்லை. பாரமான நங்கூரம் ஓடத் தொடங்கினால் அதனைத் தடுத்து நிறுத்த இரண்டாவது கை அங்கில்லை.

வைத்தியர்கள் அவரது பாதத்தைக் காப்பாற்றினர். அதற்காக 22 சத்திரசிகிச்சைகள் செய்யப்பட்டன. எனினும் அது முன்போல் இயங்கும் தன்மையை மீண்டும் பெறவில்லை. 1976 ஜூன் மாதத்தில் அடுத்த அத்திலாந்திக் போட்டி. ஒரு வருடமே எஞ்சியிருந்தது. வேறெவராயினும் அத்துடன் ஒதுங்கியிருப்பர். கோலாவோ வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தவாறே உலகம் கண்டிராத ஒரு கப்பலைத் திட்டமிட்டார்.

அவரது தர்க்கத்தை நாம் நியாயமாக எடுத்துரைக்க வேண்டும். அது பித்துக்கொண்ட மனிதனின் தர்க்கமன்று. சிறுபடகு அலைகளில் குதித்துத் துள்ளும். ஊனமுற்ற காலுடன் அதன் தளத்தில் நிற்பது கடினம். மிக நீண்ட கப்பலோ அலைகளின் மேல் ஒரே சீராகச் செல்லும். பெரிய பாய் ஒன்றை ஒருவரால் ஏற்ற முடியாது என்றால், பாய்ப்பரப்பை நான்கு பாய்மரங்களுக்குப் பகிர்ந்தளித்தால் ஒவ்வொரு பாயும் ஒருவரது கைக்கு அடங்கும். காலால் ஓடிச் சென்று பார்க்க முடியாதவற்றைத் தொலைக்காட்சிக் கமெராக்கள் மூலம் பார்க்கலாம். இருக்கும் இடத்தைச் செய்மதியும், வரவிருக்கும் காலநிலையை வானொலி வழியே வரும் வரைபடங்களும் கூறும். சுருங்கக் கூறின், இழந்த காலின் வலுவைக் கப்பலின் நீளமும் இயந்திர நுட்பமும் ஈடுசெய்யும் என அவர் எண்ணினார்.

தூலோன் நகரின் கடற்படைத் தளத்தில் 236 அடி, அதாவது 72 மீற்றர் நீளமான அக்கப்பல் சில மாதங்களிலேயே கட்டி முடிக்கப்பட்டது. செலவுக்குக் கைகொடுத்த விடுமுறைச் சுற்றுலா நிறுவனத்தின் பெயரான 'கிளப் மெடிடெரானே' என்பதே அதற்கும் இடப்பட்டது. இருநூறு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய அக்கப்பலில் மனிதர் என்று இருக்கப்போகிறவர் ஒருவரே. அவரும் ஒரு காலால் நொண்டுபவர்.

இத்திட்டம் பலரை அச்சத்துக்குள்ளாக்கியது. அவர்கள் கோலாவின் உயிருக்காக மட்டும் அஞ்சவில்லை. எல்லாக் கலங்களும் எல்லா நேரமும் தக்க கண்காணிப்பை மேற்கொள்ள வேண்டும் என்பது 1972 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவதாகும். தனித்துச் செல்லும் எவரும் உறங்கியே ஆகவேண்டும். அவர் உறங்கும் ஒவ்வொரு வேளையிலும் அவ்விதி மீறப்படுகிறது. அடிவானத்தில் தோன்றும் வேகமான சரக்குக் கப்பலொன்று இருபது நிமிடங்களுக்குள் அருகில் வந்துவிடக் கூடும். ஆதலால் தனிமாலுமிகள் இருபது நிமிடம், அரைமணி என்று துண்டு துண்டாகவே உறங்குவர். நாட்கள் செல்லச் செல்ல அவ்வுறக்கமின்மை அறிவை மங்கச் செய்யும். முப்பது அடிப் படகில் உறங்குபவர் பெரிய கப்பலில் மோதினால் பெரும்பாலும் அவரே அழிவார். இருநூறு தொன் கப்பலில் உறங்குபவர் மோதினால், இரவில் சிறு விளக்கொன்றுடன் வலைவிரித்துக் காத்திருக்கும் மீனவக் குடும்பத்தின் தலைவர்களே அழிவர். அந்த மீனவர்கள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். துணிவின் பெயரால் பிறரது உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கேனும் உண்டா என்ற கேள்வி அன்றே எழுந்தது.

1976 ஜூன் 5 ஆம் திகதி பிளிமத்திலிருந்து 125 படகுகள் புறப்பட்டன. வட அத்திலாந்திக் அவ்வருடம் இரக்கம் காட்டவில்லை. புயல் ஒன்றையடுத்து ஒன்றாக வந்தது. தெர்லேனின் படகு உடைந்தது; அவர் மீட்கப்பட்டார். வேறு இரு மாலுமிகள் உயிரிழந்தனர். அவர்களுள் ஒருவரின் படகு ஆளின்றி மிதந்து கொண்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டது. தனிமாலுமியின் பயங்கரங்களுள் இது தலையாயது. தானியங்கிச் சுக்கான் பொருத்திய படகிலிருந்து அவர் தவறி விழுந்தால், படகு அவருக்காகக் காத்திராது. அது தன் வழியே சென்றுகொண்டிருக்கும்.

கோலாவின் கப்பலோ அலைகளுக்கு அசையவில்லை. அவர் எதிர்பார்த்தபடி நீளமும் நிறையும் அவரைத் தாங்கின. ஆனால் எதிர்பாராத இடத்தில் தோல்வி வந்தது. பாய்களை மேலே ஏற்றிப் பிடிக்கும் கயிறுகள் உராய்ந்து ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. சிறுபடகில் கயிறு அறுந்தால் மாலுமி பாய்மரத்தில் ஏறிப் புதுக்கயிறு கோர்ப்பார். அலைவீசும் சமுத்திர நடுவில், இயங்காத பாதத்துடன், நான்கு உயர்ந்த பாய்மரங்களில் ஏற வேண்டிய நிலையில் கோலா இருந்தார். தொலைக்காட்சிக் கமெராவினால் அறுந்த கயிற்றைக் காட்ட முடியும். அதைக் கட்ட முடியாது. வேறு வழியின்றி அவர் நியூபவுண்ட்லாந்தின் சென் ஜோன்ஸ் துறைமுகத்துக்குச் சென்றார். அங்கு திருத்தவேலைகளில் ஒரு நாளுக்கு மேல் கழிந்தது.

அதே வேளையில் அவரது குரு தபார்லி, பதினான்கு பேர் வரை இயக்குவதற்கென அமைக்கப்பட்ட 73 அடி நீளமான 'பென் டுயிக் 6' என்ற படகில் தனியே வந்துகொண்டிருந்தார். தானியங்கிச் சுக்கான் பழுதடைந்து விட்டது. வானொலியில் அவர் ஒரு சொல்லும் பேசாததால், அவர் இறந்திருக்கலாம் என்றே பிரான்ஸில் பலர் எண்ணத் தலைப்பட்டனர். ஜூன் 29 ஆம் திகதி விடியுமுன் மூடுபனியிலிருந்து வெளிப்பட்டு அவர் நியூபோர்ட்டை அடைந்தார். எடுத்துக்கொண்ட காலம் 23 நாட்கள், 20 மணி, 12 நிமிடங்கள். கோலாவின் பெருங்கப்பல் ஏழரை மணித்தியாலங்கள் கழித்து வந்து சேர்ந்தது.

துயரம் அத்துடன் முடியவில்லை. சென் ஜோன்ஸ் துறைமுகத்திலிருந்து வெளியேறுகையில் கப்பலில் ஏறியிருந்தவர்கள் பாய்களை ஏற்ற உதவினர் என்பது தெரியவந்ததால், நடுவர்கள் கோலாவின் நேரத்தோடு 58 மணித்தியாலங்களைத் தண்டனையாகச் சேர்த்தனர். அவர் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். மறுபுறம், மைக் பேர்ச் என்ற கனேடிய மாலுமி 31 அடி நீளமான மூவுடல் படகொன்றில், கோலாவுக்கு ஒரு நாள்கூடப் பின்தங்காமல் வந்திருந்தார். கோலாவின் கப்பலில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான அப்படகே இரண்டாம் இடத்தைப் பெற்றது.

அந்தத் தண்டனை நீதியானதா என்ற விவாதம் அன்று சூடுபிடித்தது. எம்மைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அது வெளிப்படுத்திய உண்மையாகும். நடுக்கடலில் ஒருவராகச் செலுத்த முடிந்த கப்பலைத் துறைமுகத்திலிருந்து ஒருவராக வெளியே கொண்டுவருவது கடினமாயிற்று. ஒரு கலம் தனிமாலுமிக்கு உரியதா என்பதை அதன் வேகம் தீர்மானிப்பதில்லை. அது பழுதடையும் நாளில் அதனைத் திருத்தவும், ஒதுக்கவும், நிறுத்தவும் அந்த ஒருவரால் முடியுமா என்பதே தீர்மானிக்கிறது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று எமது முன்னோர் கூறிவைத்தது இதனைத்தான்.

போட்டி ஏற்பாட்டாளர்களும் பாடம் கற்றனர். 1980 ஆம் ஆண்டுப் போட்டியில் 56 அடிக்கு மேற்பட்ட படகுகள் அனுமதிக்கப்படவில்லை. பிரான்ஸில் பலருக்கு இக்கட்டுப்பாடு உவப்பாக இல்லை. நீள எல்லை அற்ற புதிய போட்டியொன்றை அவர்கள் தோற்றுவித்தனர். சென் மாலோவிலிருந்து கரிபியன் கடலின் குவாதலூப் தீவு வரை செல்லும் அப்போட்டி 'ரம் பாதை' எனப் பெயர் பெற்றது.

1978 நவம்பர் 5 ஆம் திகதி அப்போட்டி முதன்முறையாக ஆரம்பமானபோது கோலாவும் அதில் இருந்தார். இம்முறை அவர் ஏறியது பெருங்கப்பலில் அன்று. தாம் நன்கறிந்த மனுரேவாவில். அதற்கு அப்போது பத்து வயது. உலகைச் சுற்றிய களைப்பும், எண்ணற்ற அலைகள் அலுமினிய இணைப்புகளில் ஏற்படுத்திய தேய்வும் அதன் உடலில் இருந்தன. நவம்பர் 16 ஆம் திகதி அசோரஸ் தீவுகளுக்கு அருகிலிருந்து அவர் வானொலியில் தொடர்புகொண்டார். முன்னணியில் செல்பவர்களுள் ஒருவராக அவர் இருந்தார். அதன் பின் கடும் புயல் அப்பகுதியைத் தாக்கியது. மனுரேவாவிலிருந்து மீண்டும் குரல் எழவில்லை.

தனிமாலுமிகள் பலர் நாட்கணக்கில் பேசாதிருப்பது வழக்கம் என்பதால் முதலில் எவரும் பதறவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் தபார்லி மூடுபனியிலிருந்து வெளிப்பட்டது எல்லோரது நினைவிலும் இருந்தது. நவம்பர் 28 ஆம் திகதி போட்டி முடிந்தது. அதே மைக் பேர்ச், 12 மீற்றருக்கும் குறைந்த சிறு மூவுடல் படகில் வந்து, 21 மீற்றர் நீளமான படகில் வந்த மிஷெல் மலினோவ்ஸ்கியை இறுதி வேளையில் 98 செக்கன்களால் முந்தினார். கரையில் மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. மனுரேவா வரவில்லை. பிரெஞ்சு விமானங்கள் சமுத்திரத்தைச் சல்லடையிட்டுத் தேடின. ஒரு பலகை, ஒரு மிதவை, ஒரு துண்டுக் கயிறுதானும் கிடைக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் கோலா மறைந்தார். அவருக்காகத் துணைவியும் மூன்று குழந்தைகளும் காத்திருந்தனர்.

கடலில் மறைந்தவரின் குடும்பத்துக்கு உள்ள துயரம் தனிவகையானது. அடக்கம் செய்ய உடல் இல்லை. நின்று பிரார்த்திக்க அடக்கத்தலம் இல்லை. காத்திருப்பை முடித்துக்கொள்ளும் நாளும் இல்லை. இதனை விளக்கிக் கூறவேண்டிய அவசியம் எமது கரையோர மக்களுக்கு இல்லை. தனித்துச் செல்பவர் தனித்தே இறந்தாலும் அவரது ஆபத்தைத் தனித்துச் சுமப்பதில்லை.

அவரது குரு தபார்லியின் முடிவும் கடலிலேயே நேர்ந்தது. 1998 ஜூன் மாதத்தில் வேல்ஸ் கரைக்கு அப்பால், நண்பர்கள் உடனிருந்த வேளையிலேயே, இரவில் பாய் மாற்றும்போது அவர் தமது பழைய படகிலிருந்து கடலில் வீழ்ந்து மாண்டார். வாரங்கள் கழித்து மீன்பிடிக் கலமொன்றின் வலையில் அவரது உடல் கிடைத்தது. படகில் பிறர் இருந்தும் ஒருவரைக் காப்பாற்ற முடியாத கடலில், எவரும் இல்லாத பெருங்கலத்தில் செல்வது எத்தகையது என்பதை அந்த இரவு உணர்த்தியது.

கோலாவின் கனவு அவருடன் அழிந்துவிடவில்லை என்பதையும் நாம் கூறியாக வேண்டும். இன்று முப்பது மீற்றருக்கு மேற்பட்ட மூவுடல் படகுகளைப் பிரெஞ்சு மாலுமிகள் தனியே செலுத்துகின்றனர். 2017 இல் பிரான்சுவா கபார் அத்தகைய படகொன்றில் தனியே, எங்கும் தரிக்காது, 42 நாட்கள் 16 மணித்தியாலங்களில் உலகைச் சுற்றி வந்தார். அவர்களுக்கு ராடரும், அருகில் வரும் கப்பல்களை அறிவிக்கும் கருவிகளும், கரையிலிருந்து வழிகாட்டும் காலநிலை நிபுணர்களும் உள்ளனர். ஆயினும் 2018 ஆம் ஆண்டு ரம் பாதைப் போட்டியில் தமது பிரிவில் முதலாவதாக வந்துகொண்டிருந்த பிரித்தானிய மாலுமி அலெக்ஸ் தொம்சன், எழுப்பும் கருவி இயங்காமையால் உறங்கிப்போய்க் குவாதலூப் தீவின் பாறைகளில் மோதினார். 2021 ஜனவரியில், உலகைச் சுற்றும் போட்டியின் முடிவிடத்துக்கு 90 கடல் மைல் தொலைவில், ஜேர்மனிய மாலுமி போரிஸ் ஹேர்மன் உறங்கிக்கொண்டிருக்கையில் அவரது படகு மீன்பிடிக் கலமொன்றுடன் மோதியது. நல்லவேளையாக எவரும் இறக்கவில்லை. கருவிகள் மாறியுள்ளன, உறங்கியே ஆகவேண்டிய மனிதன் மாறவில்லை.

அந்த நான்கு பாய்மரக் கப்பலின் கதையும் எமக்கு அண்மையில் உள்ள கடலிலேயே முடிவுற்றது. 1982 இல் பிரெஞ்சுச் செல்வந்தர் பேர்னார் தப்பி அதனை வாங்கி, 'போசேயா' எனப் புதுப்பெயரிட்டு உல்லாசக் கப்பலாக்கினார். பின்னர் பல கைகள் மாறிய அது, 2021 பெப்ரவரியில் மலேசியாவின் லங்காவித் தீவுக்கு அப்பால் தீப்பற்றி எரிந்து மூழ்கியது. ஒருவர் செலுத்தவெனக் கட்டப்பட்ட அக்கப்பலிலிருந்து அன்று காப்பாற்றப்பட்ட பணியாளர்கள் பலர்.

அலென் கோலாவை வெறும் அகங்காரம் பிடித்தவர் என ஒதுக்கிவிடுதல் நீதியன்று. கால் துண்டாடப்பட்ட மனிதன் ஒரே வருடத்தில் எழுந்து சமுத்திரத்தைக் கடந்தமை மனித உறுதியின் உச்சங்களுள் ஒன்றாகும். அதேவேளை, உறுதி மிக்கவர் எவரும் தமது எல்லைகளை மீறுகையில் அந்த விலையைத் தாமே முழுமையாகச் செலுத்திவிடுவதில்லை. அவரை எதிர்பார்த்திருக்கும் குடும்பமும், தேடி அனுப்பப்படும் மீட்புப் பணியாளரும், அவரது வழியில் அறியாமல் குறுக்கிடும் ஏழை மீனவரும் அதில் பங்கேற்கின்றனர். கடலில் மட்டுமன்றி அரசியலிலும் வாணிபத்திலும் நிர்வாகத்திலும் பலர் சேர்ந்து செலுத்த வேண்டிய கலங்களைத் தனியே செலுத்த முற்படுவோர் உளர். காற்று சாதகமாக வீசும்வரை அது சாதனையாகவே தோன்றும். கயிறு அறும் நாளில் உடன் நின்று பிடிக்க ஒரு கை உண்டா என்பதைப் புறப்படுமுன் எண்ணிப் பார்ப்பது கோழைத்தனமாகாது.